சொல்லைக் கேட்காதீர்கள், செய்முறையைக் கேளுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பேச்சுத்தமிழைப் பற்றிப் பள்ளி ஆய்வு செய்யும் மாணவர்கள், "இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?" என்று கேட்பதை விட்டு, "களி எப்படிக் கிண்டுவீர்கள், பாட்டி?" என்று கேட்டு, அனுமதி பெற்று, 5 நிமிடம் கைபேசியில் பதிவு செய்வது நல்லது. சொல்லைக் கேட்டால் பெரியவர்கள் பாடநூல் தமிழுக்கு மாறி, 'கேழ்வரகு' என்றுவிடக்கூடும்; உலை கொதிப்பதையும் மாவு கட்டிதட்டாமல் கிண்டுவதையும் விளக்கும்போதோ கவனம் வேலையில் நிற்பதால், 'ராகி' தானாக வந்து விழும், சொற்பட்டியலில் அகப்படாத வினைமுடிவுகளும் இயல்பாகக் கிடைக்கும். ஒரே சொல்லைப் பல ஊர்களில் ஒப்பிட இம்முறை போதாது. அதற்குப் பொருளையோ படத்தையோ காட்டித்தான் கேட்க வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பல வீடுகளில் தெலுங்கோ கன்னடமோ பேசப்படுவதால், வீட்டுமொழியை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.