ஜூலி படுத்த இடத்தில் ஈரம்

எங்கள் நாய் ஜூலிக்கு 12 வயது. போன ஐப்பசியில் அவள் படுத்து எழுந்த இடமெல்லாம் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். முதல் நாள் அதட்டிவிட்டேன். காதை மடக்கிக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டாள். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். தூக்கத்தில் சிறுநீர் கசிவது நாய்க்கே தெரியாது. கருத்தடை செய்த பெண் நாய்களுக்கு வயதானால் இது வருவதுண்டு, மாத்திரையும் இருக்கிறது.

முதலில் காலைச் சிறுநீரைச் சுத்தமான டப்பாவில் பிடித்து, தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொடுங்கள். நான் பழைய குழிக்கரண்டியை நீட்டித்தான் பிடித்தேன். ஜூலி திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! கிருமித்தொற்றா, சர்க்கரையா, சிறுநீரகமா என்று அதில் ஓரளவு பிடிபடும். கசிகிறதே என்று தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள்.

தரையைப் பழைய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்த்தால் பரவும். பினாயில் நம் மூக்கைத்தான் ஏமாற்றும், நாயின் மூக்கை அல்ல. செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும், சிறுநீர் வாடையைச் சிதைக்கும் என்சைம் திரவத்தை ஊற்றி ஊறவிட்டுத் துடையுங்கள்.

அப்புறம், எழுந்ததும், சாப்பிட்டதும், இரவு படுக்குமுன்னும் வெளியே கூட்டிப்போங்கள். படுக்கைக்குக் குழந்தைகளுக்குப் போடும் ரப்பர் ஷீட், மேலே பழைய லுங்கி. அப்பாவின் லுங்கிகளில் நாலு இப்போது ஜூலியுடையவை.