சேர்ந்து வாசித்தால் தொப்பி நாதம் காணோம்: என் அனுபவம்

குரல், வயலின், மிருதங்கம். மூவரும் ஒரே அறையில் உட்கார்ந்து வாசித்த பதிவு. மிருதங்க மைக்கைத் தனியாகக் கேட்டால் தொப்பியின் (தாழ்ந்த நாதம் தரும் இடப்பக்கம்) கும்கி, அதாவது வளைந்து எழும் தாழ் நாதம், கனமாக இருந்தது. குரல் மைக்கையும் சேர்த்தால் ஒல்லியாகிவிட்டது. நான்கு நாள் போனது இதில்தான்.

முதலில் ஈக்யூவில் (ஒலியின் கீழ், மேல் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) கீழ் ஸ்தாயியைக் கூட்டினேன், குரல்தான் குழம்பியது. ஒரு மைக்கின் போலாரிட்டியை, அதாவது அலையின் மேல்-கீழை, திருப்பினேன், கும்கி திரும்பியது, வலந்தலை (வலப்பக்கம்) கெட்டது. சரி, தனித்தனியாகப் பதிவோம் என்று ஹெட்ஃபோன் மாட்டிவிட்டேன். ஒலி சுத்தம்தான். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காததால் நிரவலில் (ஒரே வரியை மனோதர்மமாக விரித்துப் பாடுவது) அருதி எல்லாம், அதாவது தாளத்தில் வந்து நிற்கும் இடங்கள், தயங்கித் தயங்கி விழுந்தது. கச்சேரி இசைக்கு அது ஆகாது.

அப்புறம் இரண்டு தடங்களின் அலைவடிவத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மிருதங்கம் குரல் மைக்குக்கு 4 மில்லி விநாடி தாமதமாக வந்தது, அதாவது ஒலி சுமார் 1.4 மீட்டர் கடக்கும் நேரம். இரண்டு மைக்கையும் சேர்த்தால் அந்தத் தாமதத்தில் ஒன்றையொன்று ரத்துசெய்து முதலில் அடிபடுவது 125 ஹெர்ட்ஸ் பக்கம். தொப்பி பேசும் இடமே அதுதான்!

குரலுக்கு ஃபிகர்-8 மைக் (முன்னும் பின்னும் மட்டும் கேட்கும் வகை) வைத்தேன். அதன் பக்கவாட்டில் ஒலி ஏறக்குறைய ஏறாது. ஆனால் மிருதங்கம் பாடகருக்கு நேர் பக்கத்தில் இருந்தால் போதாது, மைக்குக்கு நேர் பக்கத்தில் இருக்கவேண்டும். மிருதங்கக்காரரை அரை அடி முன்னால் நகர்ந்து உட்காரச் சொன்னேன்.

அடுத்த டேக்கிலேயே கும்கி முழுசாக வந்துவிட்டது.