நோயாளியை மறந்து படிக்கும் படிப்பு: செவிலியர் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பி.எஸ்சி. நர்சிங்கில் சேரும் மாணவர்களில் பெரும்பாலோர், பன்னிரண்டாம் வகுப்பில் தங்களுக்குக் கைகொடுத்த முறையையே இங்கும் தொடர்கிறார்கள். பாடத்தை வரிக்கு வரி மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதிவிட்டு, எழுதிய கையோடு மறந்துவிடுகிறார்கள். எட்டுப் பருவங்கள் கொண்ட இந்தப் படிப்பில் ஒரு பருவத்துப் பாடம் அந்தப் பருவத்தோடு முடிவதில்லை. முதல் பருவத்தில் உடலியங்கியலில் மறந்துபோன சிறுநீரகம், நான்காம் பருவத்தில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளியின் உருவத்தில் எதிரே வந்துவிடும். அப்போது புதிய பாடத்தையும் படிக்க வேண்டும், பழைய பாடத்தையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்ற நிலையில்தான் பல மாணவர்கள் திணறிப்போகிறார்கள்.

ஆசிரியராக நான் கண்டவற்றுள் மிகப் பெரிய தவறு, வகுப்புப் படிப்பையும் வார்டு வேலையையும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டாகக் கருதுவது. பேறுகால வலிப்புக்கு மெக்னீசியம் சல்பேட் கொடுக்கும்போது முழங்கால் அனிச்சைச் செயல், மூச்சு எண்ணிக்கை, சிறுநீர் அளவு ஆகிய மூன்றையும் கவனிக்க வேண்டும் என்று கேட்டவுடன் எல்லோரும் எழுதிவிடுவார்கள். ஏன் இந்த மூன்று என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால் அறையில் அமைதி நிலவும். இந்த மருந்து சிறுநீரகத்தின் வழியாகவே உடலை விட்டு வெளியேறுகிறது. ஆகவே சிறுநீர் மணிக்கு 30 மில்லிலிட்டருக்குக் கீழே குறைந்தால், மருந்து இரத்தத்தில் தேங்கத் தொடங்கும். தேங்கும் மருந்து நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் தூண்டுதலை மட்டுப்படுத்துவதால் முதலில் முழங்கால் அனிச்சை மறைந்துபோகும், அதன் பிறகே மூச்சுத் தசைகள் தளரும். அந்தத் தாயின் மூச்சு தடுமாறுவதற்கு முன்பே முழங்கால் நமக்கு எச்சரிக்கை தருகிறது என்பதையும், முறிமருந்தான 10 சதவீதக் கால்சியம் குளூகோனேட் 10 மில்லிலிட்டரைக் கட்டிலருகே தயாராக வைத்திருப்பதன் காரணத்தையும் புரிந்துகொண்டவருக்கு, அந்தப் பட்டியலைத் தனியாக உருப்போட வேண்டிய தேவையே இராது. போஸ்டிங்கில், அதாவது மருத்துவமனைப் பயிற்சியில், காலையில் பார்த்த நோயாளியின் நோயை அன்று மாலையே புத்தகத்தில் தேடிப் படிப்பது, என் அனுபவத்தில், வேறெந்த முறையைவிடவும் நெடுநாள் நினைவில் தங்குகிறது.

அடுத்த தவறு மொழியைப் பற்றியது. தமிழ்வழியில் படித்து வந்த மாணவர்களை இது அதிகம் வருத்துகிறது என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருப்பதால், பொருள் விளங்காவிட்டாலும் ஆங்கில வாக்கியத்தை அப்படியே ஒப்பிப்பதுதான் பாதுகாப்பு என்றும், தமிழில் புரிந்துகொள்ள முயல்வது தாழ்வு என்றும் அவர்கள் எண்ணிவிடுகிறார்கள். ஒருமுறை இதயச் செயலிழப்புக்காகச் சேர்க்கப்பட்டிருந்த ஒரு பெரியவர், "படுத்தா மூச்சு முட்டுதும்மா, ரெண்டு தலகாணி வெச்சாத்தான் கண்ணசர முடியுது" என்று தம்மைக் கவனித்துக்கொண்ட மாணவியிடம் சொன்னார். அதைக் கேட்ட மாணவி தன் குறிப்பில் 'தூக்கமின்மை' என்று எழுதியிருந்தார். படுத்தால் மூச்சு முட்டும் நிலையைக் குறிக்கும் ஆர்த்தோப்னியா என்ற சொல்லுக்கு முந்திய வாரத் தேர்வில் பிழையில்லாமல் வரையறை எழுதியவர் அவர். அந்தச் சொல்லும் பெரியவரின் இரண்டு தலையணைகளும் ஒன்றே என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நம் நோயாளிகள் 'நெஞ்சு கரிக்குது', 'கிறுகிறுன்னு வருது', 'கை கால் மதமதன்னு இருக்கு' என்றுதான் பேசுவார்கள். ஆகவே ஒவ்வொரு கலைச்சொல்லையும் முதலில் தமிழில் விளங்கிக்கொண்டு, நோயாளி அதை எப்படிச் சொல்வார் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவைத்து, அதன்பின் ஆங்கிலத்தில் எழுதிப் பழகுவதே சரியான வரிசை.

ஒரே பக்கத்தைப் பலமுறை வாசிப்பதும், பக்கம் முழுவதும் மஞ்சள் மையால் தீட்டுவதும் படித்துவிட்டோம் என்ற நிறைவைத் தருமே தவிர, படித்ததை நினைவில் நிறுத்துவதில்லை. ரோடிகர், கார்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையிலோ, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்திருந்தவர்களே முந்தினார்கள். பழைய வினாத்தாள்களையும் இந்த வகையில், தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் கருவியாகப் பயன்படுத்தலாம். 'இந்த முறை இது வராது' என்று பாடங்களைக் கழித்துக்கட்டுவதற்கு அவற்றைப் பயன்படுத்தக் கூடாது, ஏனெனில் வினாத்தாளில் வராத நோய் வார்டில் வரும்.

மருந்துக் கணக்கைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைப்பதை என்னால் சிறிய தவறாகக் கருத முடியவில்லை. 1000 மில்லிலிட்டர் சலைனை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும் என்றால், ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு விழும் செட்டில் (சலைன் ஏற்றும் குழாயில்) நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டுகளும், 15 சொட்டு விழும் செட்டில் 31 சொட்டுகளும் விழ வேண்டும். பாடத்தில் செய்த கணக்கின் விடையை மட்டும் நினைவில் வைத்திருப்பவர், செட்டின் உறையில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்க்கவே மாட்டார். இன்சுலினில் இந்தக் கவனக்குறைவு இன்னும் ஆபத்தானது. நம் நாட்டில் ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் கொண்ட குப்பியும் 100 யூனிட் கொண்ட குப்பியும் புழக்கத்தில் உள்ளன. முன்னதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, பின்னதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால், நோயாளிக்குப் போவது 20 யூனிட் அன்று, 50 யூனிட். மாற்றி, 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால் 8 யூனிட்தான் போகும். தினமும் இரண்டு கணக்குகளைக் கையால் எழுதிப் போட்டுப் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும்.

சீனியர்களின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்துக் கேர் பிளான், அதாவது நோயாளிக்கான பராமரிப்புத் திட்டம், எழுதும் வழக்கத்தைப் பற்றிச் சொல்லவே வருத்தமாக இருக்கிறது. நேரமில்லை என்ற நெருக்கடி உண்மையானதுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காய்ச்சலுக்காகச் சேர்க்கப்பட்டவரின் வெப்பநிலை ஐந்து நாளும் காய்ச்சலே இல்லாதவரைப் போல 98.6 என்றிருந்த ஒரு நோட்டை நான் திருத்தியிருக்கிறேன். அந்த ஐந்து நாளும் அம்மாணவர் அந்த நோயாளியின் அருகில் இருந்தும் அவரிடமிருந்து எதையும் கற்றுக்கொள்ளவில்லை. முப்பது பக்கங்களைப் பார்த்து எழுதுவதைவிட, தானே பார்த்ததைக் கொண்டு மூன்று பக்கங்கள் எழுதுவது மேல்.

இரவு டியூட்டி முடித்து வந்து, உறங்காமல் தேர்வுக்குப் படிப்பதையும் விட்டுவிட வேண்டும். படித்தது மனத்தில் நிலைபெறுவதற்கு உறக்கம் தேவை.

தெரியாததைக் கேட்க அஞ்சுவது எல்லா ஆண்டு மாணவர்களிடமும் உண்டு. பரபரப்பான வார்டில் சிஸ்டர் கடிந்துகொள்வார் என்ற அச்சம் இயல்பானதே. எனினும் மருந்தை ஊசியில் ஏற்றுவதற்கு முன், "சிஸ்டர், இந்தக் கணக்கு சரியா என்று ஒருமுறை பாருங்கள்" என்று போட்ட கணக்கைக் காட்டிக் கேட்கும் மாணவரை, நான் அறிந்தவரை, எந்த மூத்த செவிலியரும் திருப்பி அனுப்பியதில்லை. அவர் சொன்ன திருத்தத்தைச் சட்டைப்பை நோட்டில் தேதியோடு குறித்துக்கொண்டு, விடுதிக்குத் திரும்பியதும் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள்.