கல்விச் சட்ட மூலங்களைப் பல்கலைக்கழக நூலகத்தில் தேடுவது எப்படி?

சிறுபான்மையினர் நடத்தும் பள்ளி, கல்வி உரிமைச் சட்டத்தின்படி நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு 25 விழுக்காடு இடங்களைத் தர வேண்டுமா? இணையத்தில் தேடினால் மூன்று பதில்கள் வரும்: தர வேண்டும், அரசு உதவி பெறும் பள்ளி என்றால் தர வேண்டும், எந்தச் சிறுபான்மைப் பள்ளியும் தர வேண்டியதில்லை. மூன்றுமே வெவ்வேறு காலத்தில் சரியாக இருந்தவைதாம். கல்விச் சட்டத்தில் தவறான முடிவுக்கு வருகிறவர்களில் பலருக்கு மூலம் கிடைக்காமல் போவதில்லை. கிடைத்த மூலம் எப்போதோ மாறிவிட்டது என்பதுதான் தெரியாமல் போகிறது. எம்.எட். ஆய்வேட்டுக்கோ, சட்டக் கட்டுரைக்கோ, பள்ளி நிர்வாகக் கோப்புக்கோ தேடுகிறவர்கள் ஒவ்வொரு படியிலும் தேதியைப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

நூலகத்துக்குக் கிளம்பும் முன் கேள்வியை ஒரு தாளில் எழுதி, அதன் கீழே நான்கு வரி இடம் விடுங்கள்: அரசமைப்புக் கூறு, சட்டப் பிரிவு, விதி, அரசாணை. 1976இல் வந்த 42ஆவது திருத்தம் கல்வியைப் பொதுப் பட்டியலுக்கு (25ஆம் பதிவு) மாற்றியதால் நாடாளுமன்றமும் சட்டமன்றமும் கல்விக்குச் சட்டம் இயற்றுகின்றன. உயர்கல்வித் தர நிர்ணயம் மட்டும் ஒன்றியப் பட்டியலின் 66ஆம் பதிவில் இருக்கிறது. ஆகவே கேள்வி கல்லூரியைப் பற்றியது என்றால் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒழுங்குமுறைகளுக்கு ஐந்தாவதாக ஒரு வரி வேண்டும். மேலே கேட்ட கேள்விக்கு முதல் வரியில் 21ஏ (கல்வி உரிமை), 15(5) (கல்வி நிறுவனச் சேர்க்கையில் சிறப்பு ஏற்பாடு), 30(1) (சிறுபான்மையினர் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமை). இரண்டாம் வரியில் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி). இந்த நான்கு வரிகளும் நூலகத்தில் ஒரே இடத்தில் கிடைக்காது.

ஓப்பாக்கில் (நூலகத்தின் கணினிப் பட்டியலில்) எந்தச் சொல்லைத் தட்டுவது

நூலகப் பட்டியலில் 'எஜுகேஷன் லா' என்று தேடினால், தலைப்பிலேயே அந்தச் சொற்கள் உள்ள சில நூல்கள்தான் வரும். பொருள் தலைப்பு என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்து 'எஜுகேஷனல் லா அண்ட் லெஜிஸ்லேஷன்' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். நூலகர்கள் பட்டியலிடும்போது பயன்படுத்தும் சொற்றொடர் அது. பின்னால் 'இந்தியா' சேர்த்தால் பட்டியல் சுருங்கும்.

நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி முறை உள்ள நூலகத்தில் இந்தியக் கல்விச் சட்டத்தின் எண் 344.5407. அந்த அடுக்கோடு நின்றுவிடாதீர்கள். சிறுபான்மையினர் உரிமை பற்றிய நல்ல நூல்கள் அரசமைப்புச் சட்டத்தின் 342.54இல் இருக்கும். கல்விக் கொள்கை நூல்கள் 379.54இல், சட்ட அடுக்குக்கு வெகு தொலைவில், கல்வியியல் பகுதியில் இருக்கும். எஸ். ஆர். ரங்கநாதன் 1924இல் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். அவர் உருவாக்கிய கோலன் முறையில் அடுக்கிய பழைய தொகுப்புகளில் சட்டம் 'இசட்' எழுத்திலும் கல்வி 'டி' (T) எழுத்திலும் வரும். தீர்ப்புகளைத் தொகுத்து அச்சிடும் லா ரிப்போர்ட் தொகுதிகளைப் பொதுவாக எண் முறையில் தேட வேண்டாம். வரிசைப் பெயர், ஆண்டு என்று தனியே அடுக்கியிருப்பார்கள். வீட்டுக்குத் தர மாட்டார்கள்.

வெளியாள் என்றால் உங்கள் கல்லூரி முதல்வரின் அறிமுகக் கடிதமும் அடையாள அட்டையும் கொண்டு செல்லுங்கள். எஸ்.சி.சி. ஆன்லைன், மனுபத்ரா போன்ற கட்டணச் சட்டத் தரவுத்தளங்கள் பல இடங்களில் வளாக இணைப்பில் மட்டுமே திறக்கும். வீட்டிலிருந்து பார்க்க இன்ஃபெட் கணக்கோ (வெளியிலிருந்து நூலகத் தரவுத்தளங்களைத் திறக்க உதவும் கணக்கு) ரிமோட் லாகினோ உண்டா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

சட்டமும் விதியும்

சட்டத்தின் பாடம் மட்டும் உள்ள கையடக்க பேர் ஆக்ட் வசதியானது, ஆனால் அச்சான ஆண்டை முதலில் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டம் (2009இன் 35ஆவது சட்டம்) 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. 2012இலும் 2017இலும் 2019இலும் திருத்தப்பட்டது. 2019 திருத்தம் 16ஆம் பிரிவையே மாற்றி, ஐந்து, எட்டாம் வகுப்புகளில் தேர்வு வைக்கவும், மறுதேர்விலும் தேறாதவரை அதே வகுப்பில் நிறுத்தவும் அரசுக்கு வழி திறந்தது. 2015இல் அச்சான பிரதியை வைத்து 'எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தக் கூடாது என்று சட்டம் சொல்கிறது' என்று எழுதினால் அது பிழை. அடிக்குறிப்பில் உள்ள திருத்த விவரங்களை அரசின் சட்டத் தொகுப்பான 'இந்தியா கோட்' தளத்தின் பாடத்தோடு ஒப்பிடுங்கள். மாநிலச் சட்டங்களுக்கு அந்தத் தளத்தை மட்டும் நம்ப வேண்டாம். தமிழ்நாடு அரசிதழில் சட்டங்கள் வெளியாகும் நான்காம் பகுதி, இரண்டாம் பிரிவையும் பாருங்கள்.

மாநிலச் சட்டத்தில் ஆண்டே குழப்பும். தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் பெயரில் 2018 இருக்கிறது. சட்ட எண் 2019இன் 35. நடைமுறைக்கு வந்ததோ 2023இல், அதன் விதிகளோடு. அதற்கு முந்தைய ஒழுங்குமுறைச் சட்டத்தின் பெயரில் 1973, எண் 1974இன் 29. ஓப்பாக்கில் ஓர் ஆண்டை மட்டும் தட்டி 'இல்லை' என்று வந்தால் அடுத்த ஆண்டையும் தட்டிப் பாருங்கள். ஒரு சம்பவம் 2021இல் நடந்திருந்தால், அன்று எந்தச் சட்டம் உயிரோடு இருந்தது என்பதுதான் கேள்வி. அதற்கு நடைமுறைத் தேதி வேண்டும். அது சட்டப் புத்தகத்தில் இல்லாமல் தனி அறிவிக்கையில் இருக்கலாம்.

விதிகளில் அடிக்கடி நேரும் தவறு வேறு வகை. ஒன்றிய அரசின் 2010 விதிகளைத் தமிழகப் பள்ளிக்கு மேற்கோள் காட்டுகிறார்கள். இங்குள்ள பள்ளிகளுக்குப் பொதுவாகப் பொருந்துவது மாநில அரசு வெளியிட்ட 2011ஆம் ஆண்டு விதிகள்.

தீர்ப்புகள்

சைட்டேஷனை, அதாவது தீர்ப்பு எந்த வரிசையில் எங்கே அச்சாகியிருக்கிறது என்ற குறிப்பை, படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் பள்ளித் தீயில் மாண்ட பிறகு வந்த அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கு, (2009) 6 எஸ்.சி.சி. 398. அதாவது எஸ்.சி.சி. (சுப்ரீம் கோர்ட் கேசஸ்) வரிசையில் 2009ஆம் ஆண்டின் 6ஆம் தொகுதி, 398ஆம் பக்கம். கல்வி உரிமையில் பாதுகாப்பான பள்ளியும் அடங்கும் என்ற தீர்ப்பு அது. பள்ளிக் கட்டடம் பற்றி எழுதும் எவரும் தவறாமல் முழுதாகப் படிக்க வேண்டும். ஏ.ஐ.ஆர். (ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்) வரிசையில் தொகுதி எண் கிடையாது: ஆண்டு, நீதிமன்றம், பக்கம், அவ்வளவுதான். அங்கே காணும் ஆண்டு தீர்ப்பு வந்த ஆண்டு அல்ல, அச்சான ஆண்டு. தனியார், சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களின் உரிமை பற்றிய டி.எம்.ஏ. பாய் தீர்ப்பு 2002 அக்டோபர் 31இல் வந்தது, ஏ.ஐ.ஆரில் அது 2003 எஸ்.சி. 355.

உயர்நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு எம்.எல்.ஜே., லா வீக்லி, சி.டி.சி. ஆகிய வரிசைகளைப் பாருங்கள். வழக்கு எண்ணில் 'எம்.டி.' என்று இருந்தால் அது மதுரைக் கிளையின் வழக்கு. அந்த இரண்டு எழுத்தை விட்டுவிட்டுத் தேடினால் அதே எண் கொண்ட சென்னை வழக்கு வந்து நிற்கும். உச்ச நீதிமன்றத்தின் அதிகாரபூர்வ எஸ்.சி.ஆர். தொகுதிகள் 2023 முதல் இணையத்தில் இலவசம். தீர்ப்புகளைத் தேடும் இந்தியன் கானூன் தளமும் இலவசம், தேட அருமையானது. ஆனால் மேற்கோளுக்கு அச்சுப் பக்கம் வேண்டும். அதற்கு நூலகத் தொகுதிதான் சரி. தீர்ப்பின் தலைப்பில் சுருக்கமாக உள்ள ஹெட்நோட் பதிப்பாசிரியர் எழுதியது. அதை நீதிமன்றத்தின் வாசகமாக மேற்கோள் காட்டாதீர்கள்.

இனி முதல் கேள்விக்கு வருவோம். 2009 சட்டம் 12(1)(சி)யில் சிறுபான்மைப் பள்ளியைத் தனியே விலக்கவில்லை. (2012) 6 எஸ்.சி.சி. 1இல் அச்சான ராஜஸ்தான் தனியார் பள்ளிகள் வழக்கு, உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளை மட்டும் விலக்கியது. அந்தத் தீர்ப்பில் மூவரில் ஒருவர் மாறுபட்டார். அவருடைய நீண்ட தீர்ப்பும் அதே அச்சில் தொடர்கிறது. ஆகவே எந்தப் பத்தியை எடுத்தாலும் அதை எழுதிய நீதிபதி யார் என்று பாருங்கள். 2014இல் பிரமதி வழக்கில் (8 எஸ்.சி.சி. 1) ஐந்து நீதிபதிகள், உதவி பெற்றாலும் பெறாவிட்டாலும் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்றார்கள். 2025 செப்டம்பர் 1 அன்று, ஆசிரியர் தகுதித் தேர்வு வழக்கில், இரண்டு நீதிபதிகள் பிரமதி சரிதானா என்று ஐயம் எழுப்பி, பெரிய அமர்வை அமைப்பது பற்றித் தலைமை நீதிபதியின் பார்வைக்கு அனுப்பினார்கள். ஐயம் எழுப்பியதால் பிரமதி ரத்தாகிவிடவில்லை. அதை எழுதும்போது இந்த ஐயத்தையும் சேர்த்து எழுத வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. தரவுத்தளத்தில் தீர்ப்பைத் திறந்ததும், அதைப் பின்னர் எந்தெந்த வழக்குகள் எடுத்தாண்டன என்ற பட்டியலைத் திறந்து, புதியது முதலில் வருமாறு அடுக்குங்கள். 'ஓவர்ரூல்டு' (ரத்தானது), 'டவுட்டட்' (ஐயம் எழுப்பப்பட்டது) என்ற குறிகளைப் பாருங்கள். குறியை மட்டும் நம்பாமல் அந்தப் பத்தியைப் படியுங்கள். எடுத்துக்காட்டாக, உச்ச நீதிமன்றத்தின் 1993ஆம் ஆண்டு உன்னிகிருஷ்ணன் தீர்ப்பில் தனியார் கல்லூரிச் சேர்க்கைத் திட்டத்தைத்தான் டி.எம்.ஏ. பாய் நீக்கியது, அடிப்படைக் கல்வி உரிமை பற்றிய பகுதி நின்றது. 'ரத்தானது' என்ற ஒற்றைக் குறி இதைச் சொல்லாது.

அரசாணை

பள்ளியில் அன்றாடம் நடப்பதை முடிவு செய்வது அரசாணைதான். தேடுவதற்கு மிகக் கடினமானதும் அதுவே. அரசாணைக்கு நான்கு விவரங்கள் வேண்டும்: வகை, எண், துறை, நாள். எண் ஆண்டுதோறும் 1இலிருந்து தொடங்கும். ஒவ்வொரு துறைக்கும் தனி வரிசை. நிலை, வாலாயம், 1டி என்று வகைகளும் தனித்தனி. 'ஜி.ஓ. (அரசாணை) 112இன்படி' என்று மட்டும் எழுதிய ஆய்வேட்டிலிருந்து எதையும் தேடி எடுக்க முடியாது. பழைய ஆணைகள் பள்ளிக் கல்வித் துறை என்ற பெயரில் இல்லாமல் 'கல்வித் துறை' என்ற பெயரிலேயே இருக்கும்.

அரசுத் தளத்தில் இல்லாத ஆணையைத் தேட ஒரு நல்ல வழி, உயர்நீதிமன்றத் தீர்ப்புகளில் அந்த எண்ணையும் நாளையும் தட்டிப் பார்ப்பது. நீதிபதிகள் ஆணையின் முக்கியப் பத்திகளை அப்படியே எடுத்தெழுதுவது வழக்கம். ஷோத்கங்கா இணையத் தொகுப்பில் உள்ள முனைவர் பட்ட ஆய்வேடுகளின் பின்னிணைப்புகளிலும் முழு ஆணை கிடைக்கக்கூடும். 'ந.க.எண்' என்று தொடங்குவது அரசாணை அல்ல. இயக்குநர் அல்லது மாவட்டக் கல்வி அலுவலரின் செயல்முறை. அது அரசாணையை மீற முடியாது, அரசாணை விதியை மீற முடியாது, விதி சட்டத்தை மீற முடியாது. முரண் தெரிந்தால் மேலே உள்ளதை எடுங்கள். முரணையும் குறித்து வையுங்கள்.

எங்கும் கிடைக்காவிட்டால், தலைமைச் செயலகத்தில் உள்ள துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு, அந்த நான்கு விவரங்களோடு தகவல் உரிமை மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். 'இது தொடர்பான எல்லா ஆணைகளும்' என்று கேட்டால் வெறும் பதில்தான் வரும். ஓர் ஆணையின் நகல், அதைத் திருத்திய பின் ஆணைகளின் நகல் என்று இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள்.