எத்தனை பேரைச் சுட்டார் என்று கேட்காதீர்கள்: பட்டாளக் கதை பதிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் தேவிபட்டினத்தில் ஒரு வீட்டுத் திண்ணை. இரண்டாம் உலகப் போரில் பர்மா போய்த் திரும்பிய ஒருவரின் மகன் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கே எழுபது தாண்டிவிட்டது. எதிரே இரண்டு கல்லூரி மாணவர்கள். "உங்கள் அப்பா எத்தனை பேரைச் சுட்டார்?" என்பது முதல் கேள்வி. பெரியவர் விழித்தார். "அப்பா அட்டைக் கடியைப் பற்றித்தான் ஓயாமல் சொல்வார்" என்று அவர் தொடங்கியதும், ஒரு பையன் கைப்பேசியில் ஓடிய பதிவை நிறுத்தினான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன்மீது கோபம் என்று சொல்ல முடியாது. 1998இல் இதே காரியத்தைச் செய்தவன் நான்.

தொண்டியிலிருந்து கீழக்கரை வரை பர்மாவும் மலேயாவும் தொடாத தெரு குறைவு. அதனால் இந்தக் கதைகளைத் தேடி வருகிறவர்களும் பெருகியிருக்கிறார்கள். கைப்பேசியில் சார்ஜ் இருக்கிறதா, மின்விசிறியை அணைத்தீர்களா என்பதெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை.

சண்டையை மட்டும் தேடுவது

தொண்டிக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர். பனையோலைக் கொட்டகையில் உட்கார்ந்து வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார். வாடகைக்கு எடுத்த டேப் ரிக்கார்டருடன் போயிருந்தேன். துப்பாக்கி, குண்டு, ஜப்பான்காரன் என்று ஒரு மணி நேரம் குடைந்தேன். அவர் செய்த வேலையோ, விமானம் போடும் சாமான்களைப் பொறுக்கி அடுக்குவது.

"அரிசி மூட்டைக்குக் குடை கிடையாது தம்பி. மூட்டைக்குள் மூட்டை. உள்ளே இருப்பது கிழிந்தாலும் வெளியே இருப்பது தாங்கும். தலையில் விழுந்தால் ஆள் காலி. மற்றதெல்லாம் சாக்குக் குடையில் இறங்கும்."

சாக்கில் பாராசூட்டா? வயதாகிவிட்டது, குழம்புகிறார் என்று முடிவு கட்டினேன். சாக்குக் குடையை விரித்துப் படுத்ததையும், மழையில் அது ஊறி நாறியதையும் அவர் சொல்லத் தொடங்கியபோது பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டேன். கேசட் மிச்சம்! அதன் மறுபக்கத்தில் பிறகு பாட்டுப் பதிந்துகொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மானம் போனால் போகட்டும்.

ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் உண்மை தெரிந்தது. பட்டுப் பாராசூட் போதுமான அளவு கிடைக்காததால், பர்மா முனையில் போரிட்ட பிரிட்டிஷ் 14ஆவது படையின் தளபதி ஸ்லிம் கல்கத்தாவில் சணலில் பாராசூட் செய்ய வைத்திருக்கிறார். பட்டுப் பாராசூட் ஒன்றுக்கு 20 பவுண்டுக்கு மேல் செலவாகும் இடத்தில் சணலுக்கு ஒரு பவுண்டு சொச்சம். 1944இல் மார்ச் கடைசியிலிருந்து ஜூன் 22 வரை பர்மா எல்லையை ஒட்டிய இம்பால், கோஹிமா சாலை ஜப்பான் படையால் அடைபட்டுக் கிடந்தது. சாலை அறுந்த இடங்களுக்கெல்லாம் விமானம்தான் சோறு போட்டது. அந்தச் சோற்றைத் தரையில் நின்று பொறுக்கியவர் என் எதிரே வலைக்கண்ணை முடிந்துகொண்டிருந்தார், நான் அவரிடம் துப்பாக்கியைத் தேடியிருக்கிறேன். திரும்பத் தொண்டிக்கு ஓடினேன். கொட்டகையும் இல்லை, அவரும் இல்லை. சாக்கு எப்படி மடிக்கப்பட்டிருந்தது, கயிறு எங்கே கட்டியிருந்தது, நனைந்த அரிசியை என்ன செய்தார்கள் என்று அந்தக் கரையில் எனக்குச் சொல்ல இனி ஆள் கிடையாது.

இன்னொரு கணக்கையும் மனத்தில் வையுங்கள். 1943இல் அந்தப் போர்முனையில் காயம்பட்டு அப்புறப்படுத்தப்பட்ட ஒவ்வொருவருக்கும் நோயில் விழுந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள் 120 பேர். மலேரியா, வயிற்றுக்கடுப்பு, உண்ணிக் காய்ச்சல். ஆகவே அட்டையும் கொசுவும் ஈரக் காலுறையும்தான் அவர்களுடைய போர். காலையில் எழுந்ததிலிருந்து கேளுங்கள். என்ன தின்றார்கள்? தண்ணீர் எங்கிருந்து வந்தது? இருட்டுவதற்கு முன் குழி தோண்ட எவ்வளவு நேரம் பிடித்தது? எதை விரித்துப் படுத்தார்கள்?

இரண்டு படையையும் ஒன்றாக்குவது

பர்மா என்றதும் 'நேதாஜி படையா?' என்று கேட்டுவிடுகிறார்கள். இந்தக் கரையில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்தவர்களும் உண்டு, மலேயாத் தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய ராணுவத்துக்குப் போனவர்களும் உண்டு. ஒரே காட்டில் எதிரெதிரே நின்ற படைகள். பின்னவர்களுக்கு மத்திய அரசின் தியாகி பென்ஷன் 1972இலிருந்துதான். ஒரே குடும்பத்தில் இரண்டும் இருந்தால், அண்ணன் கதையைத் தம்பி மகனிடம் கேட்கும்போது நாக்கை அடக்குங்கள்.

பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்ப்பது

வேண்டாம்.

கடிதத்தில் ஊர்ப் பெயரைத் தேடுவது

இருக்காது. தணிக்கை. வெறும் களத் தபால் நிலைய எண்தான் இருக்கும். 'இங்கே மழை, எல்லாரும் நலம்' என்று மட்டும் எழுதிய கடிதத்தில் ஒன்றுமில்லை என்று மூட்டை கட்டிவிடாதீர்கள்; தேதியைப் பாருங்கள்.

வருடம் கேட்பது

வருடம் சொல்ல மாட்டார்கள். ஆளுக்கு அப்போது கல்யாணம் ஆகியிருந்ததா என்று கேளுங்கள்.

பாட்டியை விட்டுவிடுவது

ஆண்களிடம் பேசிவிட்டு, காப்பி கொண்டுவந்து வைக்கும் பாட்டியிடம் 'வருகிறேன்' என்று மட்டும் சொல்லிப் புறப்படுவார்கள். பாட்டிக்கு என்ன தெரியும் என்கிறீர்களா? பர்மா முனையில் மலேரியாவுக்குத் தினம் மெபாக்ரின் மாத்திரை. தின்றால் தோல் மஞ்சளாகும். ஆண்மை போய்விடும் என்று வதந்தி பரவியதால் பலர் துப்பினார்கள். அதிகாரி பார்த்திருக்க, வரிசையில் நின்று விழுங்க வேண்டும். ஸ்லிம் திடீர்ச் சோதனை வைத்து, மாத்திரை விழுங்கியவர்கள் 95 சதவீதத்துக்குக் கீழே போன பிரிவின் தலைவரை வீட்டுக்கு அனுப்பினார். மூன்று பேர் போன பிறகு மற்றவர்கள் திருந்தினார்கள்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்ட பிறகு கீழக்கரைப் பக்கம் ஒரு பாட்டியிடம், பட்டாளத்தில் இருந்த வீட்டுக்காரர் லீவில் வந்தபோது எப்படி இருந்தார் என்று கேட்டேன்.

"மஞ்சளாக வந்து நின்றார். காமாலை என்று நினைத்து, கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து ஒரு வாரம் கொடுத்தேன். ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்தார். பட்டாளத்தில் விழுங்கிப் பழகிவிட்டார் அல்லவா?"