அசைவத்திலிருந்து சைவத்துக்கு: முதலில் பருப்பை எடை போடுங்கள்

அசைவத்தை விட்ட முதல் மாதத்தில், மீன் இருந்த இடத்தில் இன்னும் இரண்டு கரண்டி சோற்றையும் உருளைக்கிழங்கு வறுவலையும் வைத்துக்கொண்டேன். வயிறு நிறைந்தது, ஆனால் மாலை நான்கு மணிக்கெல்லாம் பசியும் சோர்வும் சேர்ந்து வந்தன. குறை காய்கறியில் இல்லை, பருப்பில் இருந்தது.

முதல் படியாக, வாரத்தில் இரண்டு நாள்களை மட்டும் சைவமாக்கி, அந்நாள்களுக்குரிய பயறை முந்தைய இரவே ஊறவைத்துவிடுங்கள்.

அடுத்தது அளவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது ஏறத்தாழ 50 கிராம். நான் இடறியது இங்கேதான். வெந்த பருப்பை எடை போட்டு, அதற்கு உலர்ந்த பருப்பின் புரதக் கணக்கை எழுதி வந்தேன். வெந்ததில் பெரும்பங்கு தண்ணீர் என்பது நினைவில்லை. நான்கு பேருக்கான சாம்பாரில் 100 கிராம் துவரம்பருப்பு போட்டால், ஒருவர் தட்டுக்கு வருவது 25 கிராம் பருப்பு, அதாவது ஐந்தரை கிராம் அளவே புரதம். ஆகவே ஒருவருக்கு நாளொன்றுக்கு 80 முதல் 100 கிராம் வரை உலர்ந்த பருப்பும் பயறும் சேரும்படி, சாம்பாரோடு ஒரு சுண்டலோ அடையோ திட்டமிடுங்கள். மீதியைச் சோறும் பாலும் தயிரும் ஈடுகட்டும். இதற்கு டிஜிட்டல் தராசு ஒன்று போதும். நான் முயன்ற கைப்பேசிச் செயலி 'ஒரு கிண்ணம்' என்று கேட்டதே தவிர, யார் வீட்டுக் கிண்ணம் என்று சொல்லவில்லை.

இரும்புச்சத்துக்குக் கீரையும் பயறும் உண்டு. ஆனால் சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீரும் காப்பியும் அது உடலில் சேர்வதைத் தடுக்கும் என்பதால், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். சுண்டலை அடுப்பிலிருந்து இறக்கியபின் எலுமிச்சை பிழிந்தால், அதிலுள்ள வைட்டமின் சி இரும்புச்சத்தை ஏற்க உதவும்.

வைட்டமின் பி12 தாவர உணவில் நம்பத்தக்க அளவில் கிடைப்பதில்லை. இட்லி மாவு புளிப்பதால் கிடைத்துவிடும் என்று சிலர் எழுதியிருந்தார்கள். அதை நம்பி இருக்க வேண்டாம். பாலும் தயிரும் நாள்தோறும் இருக்கட்டும். அவற்றையும் தவிர்ப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்வதே சரி.

பின்சேர்க்கை: கொண்டைக்கடலையால் வயிறு உப்புகிறது என்று பலர் கேட்டிருந்தார்கள். எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் விரலால் நசுக்கினால் மசியுமளவு வேகவிடுங்கள். முதல் இரண்டு வாரம் பாசிப்பருப்போடு நிறுத்திக்கொண்டு, கொண்டைக்கடலையை மூன்றாம் வாரத்தில் ஒரு கைப்பிடியில் தொடங்கலாம்.