கொழுந்து சிவக்கும் வேகம்: எக்செலில் ஒரு நொதிய மாதிரி

கலத்துக்குள் ஒரு பொருள் படிப்படியாக இன்னொன்றாக மாறும் அனுசேபப் பாதைகளைக் கணித மாதிரியாக்கப் பழகுபவர்கள், குளுக்கோசை உடைக்கும் கிளைக்கோப்பகுப்பில் தொடங்கி, பத்து நொதியங்களுக்கு நடுவே திணறுவார்கள். மலையகத்தாருக்கு அதைவிடச் சின்னப் பாதை ஒன்று தேயிலை ஸ்டோரிலேயே (தொழிற்சாலையிலேயே) இருக்கிறது.

உயிருள்ள கொழுந்தின் கலத்தில் கத்தெக்கின் என்னும் துவர்ப்புப் பொருள், சாறு நிறைந்த பை போன்ற புன்வெற்றிடத்துக்குள் இருக்கும். அதை ஒட்சியேற்றும் பொலிபீனோல் ஒட்சிடேசு நொதியம் உருமணிகள் என்னும் வேறு நுண்ணுறுப்புகளில் தனியாக இருக்கும். ரோலர் நசுக்கியதும் இரண்டும் கலக்கின்றன. இரண்டு கத்தெக்கின் சேர்ந்து ஒரு தியாபிளவின் ஆகிறது. சாயத்தண்ணிக்குப் பளபளப்பு இதனால்தான். அது மேலும் ஒட்சியேறினால் செங்கபிலமான தியாருபிகின். (தியாருபிகினுக்கு வேறு வழிகளும் உண்டு. இப்போதைக்கு விட்டுவிடுவோம்.)

எக்செலில் நேரம், க (கத்தெக்கின்), த (தியாபிளவின்), ரு (தியாருபிகின்) என நான்கு நிரல்கள் போடுங்கள். தொடக்கத்தில் க = 20 மில்லிமூலர், மற்றவை 0. இவை பழகுவதற்கான எண்கள், அளந்தவை அல்ல.

முதல் வேகம் (கத்தெக்கின் செலவாகும் வேகம்), நொதிய வேகத்தைக் கணிக்கும் மைக்கேலிஸ்-மென்டன் சமன்பாடு: 0.5 × க ÷ (5 + க). இதில் 0.5 என்பது நிமிடத்துக்கான உச்ச வேகம். 5 என்பது வேகம் அதில் பாதியாகும் செறிவு. இரண்டாம் வேகம் (தியாபிளவின் தியாருபிகினாகும் வேகம்): 0.02 × த. இந்த மூன்று எண்களையும் தனிப் பெட்டிகளில் வைத்து, டொலர் குறி போட்டு அழையுங்கள். குறியை மறந்தால் சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது எண்களும் நழுவிப்போகும்.

ஒவ்வொரு நிரையும் 1 நிமிடம். புதிய க = பழைய க − முதல் வேகம். புதிய த = பழைய த + முதல் வேகத்தில் பாதி − இரண்டாம் வேகம். புதிய ரு = பழைய ரு + இரண்டாம் வேகம். முதல் நிமிட முடிவில் க 19.6, த 0.2 என்று வரவேண்டும். த 0.4 என்று வந்தால் அந்தப் பாதியை விட்டுவிட்டீர்கள்.

கீழே 120 நிமிடம்வரை இழுத்து, ஓரத்தில் க + 2த + 2ரு என்று கூட்டிப் பாருங்கள். எல்லா நிரையிலும் 20தான் வரவேண்டும். வராவிட்டால் வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நம்பாதீர்கள்.

நேர இடைவெளியை 30 நிமிடமாகப் பெரிதாக்க நினைத்தால், வேகங்களை 30ஆல் பெருக்கிப் பாருங்கள். முதல் படியில் க 8 ஆகும், இரண்டாவதில் −1.23. மறைச் செறிவு என்று ஒன்று கிடையாது; ஒரே தாவலில் இருப்பதைவிட அதிகம் செலவழித்துவிட்டீர்கள். அலகு குழம்பினாலும் கணக்குக் கெடும். பல ஆய்வுக்கட்டுரைகளில் உச்ச வேகம் செக்கனுக்கு இருக்கும். 60ஆல் பெருக்காமல் எடுத்துப் போடாதீர்கள்.

சரியாக ஓடினால் தியாபிளவின் 50 நிமிடத்தை ஒட்டி, 5 மில்லிமூலர் அளவில் உச்சம் தொட்டு இறங்கும். டீமேக்கர் (ஸ்டோரில் தேயிலைத் தயாரிப்பைப் பார்ப்பவர்) தேடுவது இந்த மேட்டைத்தான். அங்கே உலர்த்தியின் சூடு நொதியத்தைக் கொல்லவேண்டும்.

இனி வெப்பநிலை. சூடு வேகங்களைக் கூட்டும். 0.5, 0.02 இரண்டையும் இரட்டிப்பாக்கினால் உச்சம் பாதி நேரத்தில் வரும், உயரம் மாறாது. 0.02ஐ மட்டும் 0.04 ஆக்கினால் உச்சம் சுமார் 40ஆவது நிமிடத்துக்கு முந்திவந்து, 3.4 அளவுக்குத் தாழும். ஆக மேட்டின் உயரத்தை முடிவுசெய்வது வேகமல்ல, இரண்டு வேகங்களின் விகிதம். சூடு கூடினால் உண்மையில் தியாருபிகின் பக்கமே அதிகம் சாய்கிறது. நுவரெலியாக் குளிரில் உச்சம் தாமதித்தாலும் பளபளப்பு நிற்பது அதனால்தான்.

அடுத்து ஒட்சிசன். அரைத்த கொழுந்தைத் தடிப்பாகப் பரப்பினால் அடியில் காற்று எட்டாது. முதல் வேகத்தை ஒ ÷ (மாறிலி + ஒ) என்பதால் பெருக்குங்கள். ஒ என்பது ஒட்சிசன் செறிவு; மாறிலி என்பது முதல் வேகம் பாதியாகும் ஒட்சிசன் செறிவு, அதே மில்லிமூலரில்.